15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் ஒரு காவல்காரன்

2019 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஜொகூரின் தஞ்சோங் பியாயில் காலையிலிருந்தே கூட்டம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை என்ற பெயர் அதற்கு ஏற்கெனவே உண்டு. அன்று இன்னொரு பெருமையும் சேர்ந்திருந்தது. தீபகற்ப மலேசியாவில் வளைய சூரிய கிரகணம் முழு வளையமாகத் தெரியக்கூடிய ஒருசில இடங்களில் அதுவும் ஒன்று.

அப்பாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். கிரகணம் விடும்வரை அடுப்பு மூட்டமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டதால், வழியில் வாங்கிய நாசி லெமாக் பொட்டலங்கள்தான் அன்றைய சாப்பாடு. பகல் ஒன்று இருபது மணியளவில் மேகம் விலகியது. கிரகணக் கண்ணாடி வழியே அந்த நெருப்பு வளையம் தெரிந்தது. ஓரிரு நிமிடம்தான். அதற்குள் சுற்றியிருந்தவர்கள் எழுப்பிய சத்தம் திருவிழாவில் தேர் நகரும்போது எழும் சத்தம்போல இருந்தது.

கூட்டம் கலையும்போது அப்பா ஒரு கேள்வி கேட்டார். "கீழேருந்து பார்த்தா நமக்கு இப்படித் தெரியுது. மேலேருந்து பார்த்தா இது எப்படிம்மா தெரியும்?"

வானொலியில் பேசிப் பிழைப்பவள் நான். யாராவது கேள்வி கேட்டுப் பதில் சொல்ல முடியாமல் போனால் அன்று தூக்கம் வராது. இரவு வீடு திரும்பியதும் தேடினேன். பதில் கிடைத்தது. மேலேயிருந்து பார்த்தால் நிலவின் நிழல் பூமியின் மீது ஒரு கறுப்புக் கறையாக நகரும். அதைப் படம் எடுக்கவே தோதான ஓரிடத்தில் ஒரு கேமராவும் இருக்கிறது. 2016 மார்ச் 9-ஆம் தேதி இந்தோனேசியாவில் முழு சூரிய கிரகணம், நமக்குப் பகுதி கிரகணம். அன்று அந்தக் கேமரா எடுத்த படங்களில், வெயில் படும் பூமி உருண்டையின் மேல் அந்தக் கறை பசிபிக் பெருங்கடலைக் கடந்து போவது தெளிவாகத் தெரிகிறது.

சரி, இன்றைய படம் எங்கே என்று தேடினேன். இல்லை. நேற்றையது? அதுவும் இல்லை. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். ஜூன் மாதக் கடைசியோடு படங்கள் நின்றிருந்தன.

அன்று அந்த நிழல் திருப்பூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வந்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, சுமத்ரா தாண்டி, ஜொகூரையும் சிங்கப்பூரையும் தொட்டுச் சென்றது. தமிழர்கள் வாழும் நான்கு நாடுகளில் ஒரே நாளில் எல்லாரும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து நம்மைப் பார்க்க வேண்டிய கண் மட்டும் அன்று மூடிக்கிடந்தது.

அந்தக் கண்ணின் பெயர் டிஸ்கவர்.

இழுபறியில் ஓரிடம்

டிஸ்கவர் ஓர் அமெரிக்கத் துணைக்கோளம். எடை சுமார் 570 கிலோகிராம். நாம் அன்றாடம் பயன்படுத்தும் பெரும்பாலான துணைக்கோளங்களைப்போல அது பூமியைச் சுற்றவில்லை. நமக்கும் சூரியனுக்கும் நடுவே, நம்மிடமிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. நிலா இருப்பது சராசரியாக 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டரில். அதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம்.

ஏன் அங்கே? சூரியனுக்கு அருகில் இருக்கும் பொருள் அதை வேகமாகச் சுற்றி முடிக்கும். புதனுக்கு 88 நாள், வெள்ளிக்கு 225 நாள், பூமிக்கு 365 நாள். ஆக, சூரியன் இருக்கும் பக்கத்தில் ஒரு துணைக்கோளத்தை நிறுத்தினால், கொஞ்ச நாளில் அது நம்மை முந்திக்கொண்டு போய்விடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பூமி பின்னாலிருந்து இழுக்கும் இழுப்பு அந்த வேகத்தைச் சரியாகக் கட்டுப்படுத்துகிறது. அங்கே நிற்கும் பொருள் நம்மோடு சேர்ந்து, அதே ஓர் ஆண்டில் சூரியனைச் சுற்றும். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை லாக்ராஞ்சியின் பெயரால் இப்படிப்பட்ட ஐந்து இடங்களைக் குறிப்பிடுகிறார்கள். டிஸ்கவர் இருப்பது முதலாவது இடம், எல்-1.

அங்கேயும் அது அசையாமல் நிற்பதில்லை. அந்தப் புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து உலாவுகிறது. இதற்குக் காரணம் நம் வீட்டுக் கூரையிலேயே இருக்கிறது. மார்ச் மாதத்திலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் சில நாள்கள், பகலில் சில நிமிடங்கள் மழையே இல்லாமல் தொலைக்காட்சிப் படம் சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் சூரியன் ஒளிபரப்புத் துணைக்கோளத்துக்கு நேர் பின்னால் வந்துவிடுகிறது. சூரியனின் வானொலி இரைச்சலில் துணைக்கோளத்தின் மெல்லிய குரல் அமுங்கிப்போகிறது. டிஸ்கவர் சரியாக நேர்க்கோட்டில் நின்றால் அதன் குரல் ஆண்டு முழுக்க இப்படித்தான் அமுங்கும். அதனால்தான் சற்று விலகியே சுற்ற வைத்திருக்கிறார்கள்.

அங்கே நிற்பதில் ஒரு வசதி. முகத்தைத் திருப்பினால் சூரியன். முதுகுப் பக்கம் முழு வெயிலில் குளிக்கும் பூமி. டிஸ்கவருக்கு இரண்டு முகம், இரண்டு வேலை.

பெட்டிக்குள் கிடந்த கனவு

முதலில் இந்தத் திட்டத்துக்கு டிஸ்கவர் என்ற பெயர் கிடையாது. 1998-இல் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் ஒரு யோசனையை முன்வைத்தார். 1972 டிசம்பரில் அப்போலோ 17 விண்வெளி வீரர்கள் எடுத்த முழுப் பூமிப் படம் உலகையே அசைத்தது. அப்படியொரு படம் ஒருமுறை மட்டும் இல்லாமல் தினமும் கிடைத்தால்? மக்கள் தங்கள் வீட்டை வெளியிலிருந்து தினமும் பார்த்தால்?

அதற்கு ட்ரியானா என்று பெயர் வைத்தார்கள். 1492-இல் கொலம்பஸின் கப்பல்களில் ஒன்றிலிருந்து முதலில் கரையைக் கண்டு குரல் கொடுத்த மாலுமி ரொட்ரிகோ டி ட்ரியானாவின் நினைவாக வைத்த பெயர் அது.

பெயர் நன்றாக இருந்தது, நேரம் நன்றாக இல்லை. கணினித் திரையை அலங்கரிக்கும் படத்துக்கு இவ்வளவு செலவா என்று எதிர்க்கட்சியினர் கேலி செய்தார்கள். நாடாளுமன்றம் அறிவியல் குழு ஒன்றின் கருத்தைக் கேட்டது. திட்டத்தில் உண்மையான அறிவியல் பயன் இருக்கிறது என்று அந்தக் குழு 2000-ஆம் ஆண்டில் சொன்னது. அதற்குள் அரசியல் மாறிவிட்டது. அதிபர் தேர்தலில் அல் கோர் தோற்றார். கட்டி முடித்த துணைக்கோளத்தை 2001-இல் மேரிலந்தில் உள்ள நாசாவின் கோடர்ட் மையத்தில் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள்.

ஏழு ஆண்டுகள் யாரும் அதைத் திறக்கவில்லை. 2008-இல்தான் எடுத்துச் சோதித்தார்கள். பெட்டி திறந்ததற்குக் காரணம் பூமியின் படம் இல்லை, சூரியன். விண்வெளி வானிலையை எல்-1-லிருந்து கவனித்துக்கொண்டிருந்த ஏஸ் என்ற துணைக்கோளம் 1997-இல் ஏவப்பட்டது. அதற்கு வயதாகிக்கொண்டிருந்தது. ஆள் மாற்ற வேண்டும். புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட, கிடங்கில் இருப்பதைத் தூசிதட்டுவது மலிவு.

இப்படித்தான் பூமியைப் பார்க்கப் பிறந்த ட்ரியானா, சூரியனைக் காவல் காக்கும் டிஸ்கவர் ஆனது. 2015 பிப்ரவரி 11-ஆம் தேதி ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் அதைத் தூக்கிச் சென்றது. வேலையைப் பொறுப்பேற்றது அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா. பூமியைப் பார்க்கும் கேமராவும் கூடவே பயணம் செய்தது, கல்யாண வீட்டுக்குப் போகும் வண்டியில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் உறவுக்காரர்போல.

தபால்காரர் கையில் என்ன?

சூரியன் வெளிச்சம் மட்டும் தருவதில்லை. மின்னூட்டம் கொண்ட துகள்களையும் இடைவிடாமல் வீசிக்கொண்டிருக்கிறது. இதுதான் சூரியக் காற்று. சாதாரண நாளில் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகம். சில சமயம் சூரியனில் பெரிய வெடிப்பு நிகழும்போது, கோடிக்கணக்கான டன் எடையுள்ள துகள் மேகம் தன் காந்தப் புலத்தையும் சுமந்துகொண்டு கிளம்பும். வேகம் விநாடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டரையும் எட்டும். அது பூமியில் மோதினால் காந்தப் புயல்.

மேகம் கிளம்புவதைத் தொலைநோக்கிகளில் பார்த்துவிடலாம். ஒன்று முதல் மூன்று நாளில் வந்து சேரும் என்றும் ஓரளவு சொல்லலாம். சொல்ல முடியாதது ஒன்று உண்டு. அந்த மேகத்தின் காந்தப் புலம் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்பதுதான் அது.

அதுதான் முக்கியம். வடக்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கவசம் பெரும்பாலும் தடுத்துவிடும். தெற்கு நோக்கி இருந்தால் கவசம் திறந்துகொள்ளும், ஆற்றல் உள்ளே பாயும். தபால்காரர் தெருமுனையில் வருவது தெரிகிறது. அவர் கையில் இருப்பது கல்யாணப் பத்திரிகையா, வக்கீல் நோட்டீசா என்பது வாசலுக்கு வந்தால்தான் தெரியும். அந்த வாசல்தான் எல்-1. டிஸ்கவரில் ஒரு கருவி துகள்களின் வேகத்தையும் அடர்த்தியையும் வெப்பத்தையும் அளக்கிறது. காந்தமானி புலத்தின் திசையைச் சொல்கிறது.

அப்படியானால் நமக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு? கணக்கு எளிது. 15 லட்சம் கிலோமீட்டரை 400-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேகம் விநாடிக்கு 1,500 கிலோமீட்டரில் வந்தால் 17 நிமிடம்கூட இல்லை. பதினைந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். காவல்காரனால் தர முடிந்த நேரம் அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். 1989 மார்ச் 13-ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாநிலத்தில் காந்தப் புயலால் மின்கட்டமைப்பு சரிந்தது. சரிய எடுத்துக்கொண்டது சுமார் ஒன்றரை நிமிடம். 60 லட்சம் பேர் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். முன்கூட்டியே தெரிந்தால் மின்வாரியம் பராமரிப்புப் பணியை ஒத்திவைக்கும், சுமையைக் குறைக்கும், கையிருப்பு மின்சாரத்தைத் தயாராக வைக்கும். துருவத்துக்கு மேலே பறக்கும் விமானங்கள் பாதையை மாற்றும். துணைக்கோளங்களை இயக்குபவர்கள் விழிப்பாக இருப்பார்கள்.

2024 மே 10-ஆம் தேதி இந்தக் காவல் எவ்வளவு பெரியது என்று உலகம் பார்த்தது. 2003-க்குப் பிறகு முதன்முறையாக, காந்தப் புயல் அளவுகோலின் உச்சமான ஐந்தாம் நிலையை அது தொட்டது. லடாக்கின் ஹான்லே வானத்தில்கூடச் சிவப்பு ஒளி தெரிந்தது. அமெரிக்காவில் நடவுக் காலம் அது. துணைக்கோள வழிகாட்டலை நம்பி ஓடும் டிராக்டர்கள் வரிசை தவறி நின்றன. ஆனாலும் பெரிய அளவில் எங்கும் மின்சாரம் போகவில்லை. எச்சரிக்கை முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

காவல்காரனுக்கு இதுதான் சங்கடம். அவன் வேலையைச் சரியாகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத இரவுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

அப்பாவின் வானொலிப் பெட்டி

"அதெல்லாம் கனடாவுக்கும் லடாக்குக்கும். நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நமது வானத்தில் வண்ண ஒளி நடனமாடாது என்பது உண்மை. மின்கட்டமைப்புக்கான ஆபத்தும் துருவத்துக்கு அருகில் உள்ள நாடுகளைவிட இங்கே குறைவு. ஆனால் நமக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. அதைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவர் அப்பா, தெரியாமலேயே.

அப்பா தோட்டப்புறத்தில் வளர்ந்தவர். மாலையில் சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடிப்பது அவர்கள் வீட்டில் ஒரு சடங்கு. "சில நாள் பக்கத்து லயத்துல பேசுற மாதிரி கேட்கும். சில நாள் கடல் இரைச்சல்தான். பெட்டியத் தட்டிப் பார்ப்போம், கம்பிய மாத்திக் கட்டுவோம். ஒண்ணும் ஆகாது" என்பார். பெட்டியில் கோளாறு இல்லை. சிற்றலை, நமக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் மின்னூட்டப் படலத்தில் பட்டுத் திரும்பித்தான் தொலைதூரம் போகிறது. அயனி மண்டலம் என்பது அதன் பெயர். அதைக் கட்டிக் காப்பதும் கலைத்துப் போடுவதும் சூரியன்.

அந்தப் படலம் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் மிகவும் குறும்புக்காரப் படலம். காந்த நடுக்கோடு நம் தீபகற்பத்துக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. இந்தியாவில் அது தென்முனையை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலியில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருப்பது அதனால்தான். இந்த வட்டாரத்தில் சூரியன் மறைந்த பிறகு, சோறு கொதிக்கும்போது எழும் குமிழிகள்போல அயனி மண்டலத்தில் பெரிய பெரிய வெற்றுக் குமிழிகள் மேலெழும். துணைக்கோளச் சமிக்ஞை அவற்றைக் கடந்து வரும்போது நட்சத்திரம் மின்னுவதுபோல நடுங்கும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம்.

அப்பாவுக்கு அது வெறும் பாட்டு இழப்பு. இன்று மலாக்கா நீரிணையில் வரிசையாகப் போகும் கப்பல்கள், இரவில் தரையிறங்கும் விமானங்கள், நிலம் அளப்பவர்கள், வயலுக்கு மேலே பறக்கும் டுரோன்கள் எல்லாரும் அதே வானத்தைத் துளைத்து வரும் சமிக்ஞையைத்தான் நம்பியிருக்கிறார்கள். உங்கள் கைத்தொலைபேசி வழியே வாடகைக் கார் ஓட்டுநர் உங்கள் வாசலைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான்.

இன்னொரு முகம்

டிஸ்கவரின் மறுபக்கத்துக்கு வருவோம். பூமியைப் பார்க்கும் கேமராவுக்கு எபிக் என்று பெயர். 30 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள தொலைநோக்கி, பத்து வடிகட்டிகள். புற ஊதா ஒளியிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியின் விளிம்புவரை ஒவ்வொன்றாகப் படம் எடுக்கும். பருவத்தைப் பொறுத்து ஒரு நாளைக்கு 13 முதல் 22 முறை. முதலில் வெளியிடப்பட்ட படம் 2015 ஜூலை 6-ஆம் தேதி எடுக்கப்பட்டது.

சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக எடுத்துப் பிறகு ஒன்றாக அடுக்குவதால் ஒரு வேடிக்கை நடந்தது. அதே மாதம் 16-ஆம் தேதி நிலா கேமராவுக்கும் பூமிக்கும் நடுவே கடந்து போனது. ஒரு வண்ணத்துக்கும் அடுத்த வண்ணத்துக்கும் இடையிலான கொஞ்ச நேரத்தில் நிலா நகர்ந்துவிட்டதால், அதன் ஓரத்தில் வண்ணக் கோடுகள் விழுந்தன. நம் கண்ணுக்கு ஒருநாளும் தெரியாத நிலாவின் மறுபக்கம், வெயில் படும் பூமியின் முன்னால் மெல்ல நகர்வதை அந்தப் படங்களில் பார்க்கலாம்.

மற்றொரு புதிர். படங்களில் நிலப்பரப்பின் மேல் சின்னச் சின்னதாக வெளிச்சப் பொட்டுகள் மின்னின. கடலில் சூரியன் பளபளப்பது சரி. நடு நிலத்தில் எப்படி? திட்டத்தின் துணை அறிவியல் தலைவர் அலெக்சாண்டர் மார்ஷாக்கும் குழுவினரும் 2015 ஜூன் முதல் 2016 ஆகஸ்ட் வரையிலான படங்களில் 866 பொட்டுகளை எண்ணி ஆராய்ந்தார்கள். விடை உயரத்தில் இருந்தது. மெல்லிய மேகங்களில் தட்டையாக மிதக்கும் நுண்ணிய பனிப் படிகங்கள் கண்ணாடிச் சில்லுகள்போலச் சூரியனைத் திருப்பி அனுப்பியிருந்தன.

எபிக் வேடிக்கை காட்ட மட்டும் அங்கே இல்லை. ஓசோன் படலம், மேகங்களின் உயரம், தாவரப் பசுமை, எரிமலைச் சாம்பல், புகை எல்லாவற்றையும் அது அளக்கிறது. புகை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 2015. பள்ளிகளை மூட வைத்த அந்தப் புகைமூட்ட ஆண்டு. எபிக் வேலைக்குச் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். புற ஊதா ஒளியில் பார்க்கும்போது வெள்ளை மேகத்துக்கும் புகைக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும். நிஸ்டார் என்ற இன்னொரு கருவி, பூமி திருப்பி அனுப்பும் மொத்த ஆற்றலை அளக்கிறது. சூரியனிடமிருந்து வரவு எவ்வளவு, விண்வெளிக்குச் செலவு எவ்வளவு என்ற வீட்டுக் கணக்கு அது. செலவு குறைந்து மீதம் சேர்ந்தால் வீடு சூடாகும்.

அந்தப் படங்களில் நம் ஊரைத் தேடிப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவைப் பிடித்து மேலே வர வேண்டும். போர்னியோ தெரியும், சுமத்ரா தெரியும். தீபகற்பம் பெரும்பாலும் மேகப் போர்வைக்குள். சிங்கப்பூர் சில புள்ளிகள், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். எல்லைக் கோடு எங்கும் இல்லை. காஸ்வே நெரிசலும் இல்லை.

மூடிய கண், திறந்த கண்

2019 ஜூனில் நடந்தது இதுதான். துணைக்கோளம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் கருவியில் கோளாறு. ஜூன் 27-ஆம் தேதி டிஸ்கவரைப் பாதுகாப்பு நிலையில் வைத்தார்கள். சூரியக் காவலை மீண்டும் கிழட்டு ஏஸ் ஏற்றுக்கொண்டது, இன்னொரு மூத்த துணைக்கோளமான சோஹோவின் துணையோடு. பூமியைப் படம் பிடிக்க மாற்று ஆள் கிடையாது. பொறியாளர்கள் புதிய மென்பொருள் எழுதினார்கள். பழுதான கருவியை ஒதுக்கிவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்தே திசை அறியும் வழி. பழங்கால மாலுமிகளின் வழி. அதை 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பி ஏற்றினார்கள். 2020 மார்ச் 2-ஆம் தேதி கண் மறுபடி திறந்தது. நம் கிரகணம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பிறகு 2025 ஜூலையில் மறுபடி கோளாறு, இம்முறை மென்பொருளில். தரவு நின்றது. ஐந்தாண்டு வேலைக்கென அனுப்பப்பட்ட துணைக்கோளம், பத்தாண்டைக் கடந்திருந்தது. குறை சொல்ல முடியாது.

சூரியக் காவலுக்கு ஆள் தயாராகவே இருந்தது. 2025 செப்டம்பர் 24-ஆம் தேதி நோவாவின் புதிய துணைக்கோளம் எல்-1 நோக்கிப் புறப்பட்டது. இந்தியாவின் ஆதித்யா எல்-1 அதற்கு முன்பே, 2024 ஜனவரி 6-ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி தமிழ்நாட்டின் செங்கோட்டையைச் சேர்ந்தவர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் படித்த ஒருவர், சூரியனின் வாசலுக்கு ஒரு காவலை அனுப்பியிருக்கிறார்.

ஆனால் கவனித்துப் பாருங்கள். நோவாவின் புதிய காவலர் சூரியனைப் பார்க்கிறார், சூரியக் காற்றை அளக்கிறார். முழுப் பூமியை வண்ணத்தில் தினமும் படம் பிடிக்கும் கேமரா அவரிடம் இல்லை. இது புதிய கதையும் இல்லை. 2017-இல் அமெரிக்க அரசின் வரவு செலவுத் திட்ட முன்மொழிவு, டிஸ்கவரில் பூமியைப் பார்க்கும் கருவிகளை மட்டும் நிறுத்தச் சொன்னது. நாடாளுமன்றம் நிதி கொடுத்ததால் அவை தப்பித்தன. 1998-இல் கேட்ட அதே கேள்விதான். ஒரு படத்துக்கா இவ்வளவு செலவு?

வாசலுக்குக் காவல் வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு நிலைக்கண்ணாடியும் வேண்டும். காவல்காரன் வெளியிலிருந்து வரும் ஆபத்தைச் சொல்வான். நம் முகம் எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்ணாடிதான் சொல்லும். புகை நாம் மூட்டியது. வீட்டுக் கணக்கில் சேரும் மீதம் நம்மால் வந்தது. அதற்கெல்லாம் சூரியனைக் குறை சொல்ல முடியாது.

தினமும் காலையில் நான் வானிலை அறிக்கை வாசிக்கிறேன். ஜொகூரில் இடியுடன் மழை, பினாங்கில் வெயில், பிற்பகலில் குடை எடுத்துச் செல்லுங்கள். அதை வாசிக்கும்போது இப்போதெல்லாம் எழுதப்படாத இன்னொரு வரி மனத்தில் ஓடுகிறது. எல்-1-இல் சூரியக் காற்று விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர், காந்தப் புலம் வடக்கு நோக்கி, எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

2031 மே 21-ஆம் தேதி மறுபடியும் ஒரு வளைய சூரிய கிரகணம். அந்த நிழலும் தமிழ்நாட்டின் தென்பகுதியையும் இலங்கையின் வடக்கையும் கடந்து மலேசியாவுக்கு வருகிறது. அப்பாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். "அப்போ மேலேருந்து பார்க்க ஆள் இருக்குமா?" என்று கேட்டார்.

இன்னும் பதில் சொல்லவில்லை.